ஏன் எப்போதும் பின் சக்கரம்? லாரியின் இடது பக்கம் சிக்கும் சைக்கிள்கள்

சென்னை,

"லாரியின் பின் சக்கரத்தில் சிக்கி சைக்கிளில் சென்ற தொழிலாளி உடல் நசுங்கி பலி."

வடசென்னைக்காரர்கள் இந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பார்களோ, கணக்கே கிடையாது. சாலையின் பெயர் மாறும், இறந்தவரின் வயது மாறும். 'பின் சக்கரம்' மட்டும் அநேகமாக மாறாது.

லாரி முன்னால்தானே போகிறது? இடித்தால் மூக்குதானே இடிக்க வேண்டும்? அப்புறம் எப்படி இவ்வளவு பேர் பின் சக்கரத்தில் போய் விழுகிறார்கள்?

விபத்து நடந்த இடத்தில் கூடும் கூட்டம் இதற்கு உடனே ஒரு பதில் வைத்திருக்கும். "டிரைவர் குடிச்சிருப்பான்" என்பார்கள். இல்லாவிட்டால், "சைக்கிள்காரன் கவனிக்காம உள்ளே பூந்துட்டான்" என்பார்கள். இரண்டும் நடப்பது உண்டுதான். ஆனால் டிரைவரும் குடிக்காமல், சைக்கிள்காரரும் ஒழுங்காக ஓரமாகப் போய், லாரி மெதுவாக நகரும்போதே உயிர் போவதும் உண்டு. அந்த விபத்து எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், தினமும் சைக்கிள் மிதிக்கிறவர்கள் எங்கே நிற்கக்கூடாது என்பது புரிந்துவிடும்.

லாரிகளின் ராஜ்ஜியம்

சென்னை துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம் என மூன்றும் இந்தப் பக்கம். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. திருவொற்றியூர், மாதவரம், மணலி சுற்றுவட்டாரத்தில் கன்டெய்னர் முனையங்கள். இவை எல்லாவற்றுக்கும் வந்துபோகும் டிரெய்லர்களும் டேங்கர்களும் எண்ணூர் விரைவு சாலை, மணலி சாலை, மாதவரம் 200 அடி சாலை, ஜி.என்.டி. சாலை ஆகியவற்றில்தான் ஓடியாக வேண்டும்.

இதே சாலைகளில்தான் விடியற்காலை 4 மணிக்கு கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர் போகிறார். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர், பேப்பர் போடும் பையன், நைட் டியூட்டி முடிந்து திரும்பும் வாட்ச்மேன், கம்பெனிக்குப் போகும் வடமாநில தொழிலாளி, அரசு கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிளஸ்-1 மாணவி எல்லோருக்கும் இதுதான் வழி.

லாரிகளை மேலே தூக்கி அனுப்பும் துறைமுகம்-மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ம் ஆண்டு அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. 2022 மே மாதம் இரண்டடுக்கு சாலையாக மறுபடியும் அடிக்கல் நாட்டப்பட்டது. அது திறக்கும் வரை கீழேதான் எல்லாம்.

ஏணி தூக்கிப் பார்த்தவர்களுக்கு தெரியும்

நீளமான ஏணியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு குறுகலான சந்தில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போகிறவர் மூலையைத் தாண்டி சுலபமாகத் திரும்பிவிடுவார். பின்னால் இருப்பவர் இன்னும் பழைய தெருவிலேயே இருப்பார். ஏணியின் நடுப்பகுதி மூலைச்சுவரில் போய் உரசும். அந்த மூலையில் யாராவது நின்றால் அவர் கதி அதோகதிதான்.

டிரெய்லர் லாரி திரும்புவதும் இதேதான். கன்டெய்னர்கள் 20 அடி, 40 அடி என இரண்டு அளவில் வரும். 40 அடி பெட்டியை ஏற்றிய வண்டி, முன்னால் இழுக்கும் தலைப்பகுதியையும் சேர்த்தால் 50 அடியைத் தாண்டும். அது இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் வராது. குறுக்கே வெட்டி, உள்பக்கமாக வரும். கூர்மையான திருப்பத்தில் 8 அடி, 10 அடி வரைகூட உள்ளே வந்துவிடும்.

அதாவது முன் சக்கரம் போனபோது உங்களுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஆட்டோ போகிற இடம் இருந்தது. பின் சக்கரம் வரும்போது அந்த இடமே இல்லை. சுவரும் லாரியும் மட்டும்தான். நடுவில் நீங்கள்.

இன்னொரு விஷயம், இதுதான் நிறைய பேரை ஏமாற்றுகிறது. நீள வண்டியை இடது பக்கம் திருப்ப வேண்டும் என்றால் டிரைவர் முதலில் வலது பக்கம் ஒடித்து அகலம் எடுப்பார். அப்படி எடுக்காவிட்டால் பின்பக்கம் பிளாட்பாரத்தில் ஏறிவிடும். பின்னால் வரும் சைக்கிள்காரர் என்ன நினைப்பார்? "லாரி வலது பக்கம் போகுது, இடது பக்கம் நல்லா வழி கிடைச்சிருச்சு" என்று வேகமாக மிதித்து உள்ளே போவார். அடுத்த சில வினாடிகளில் அந்த வழி மூடிவிடும்.

"ஓரமா போப்பா" என்பது நம்ம ஊரில் எல்லோரும் சொல்லும் புத்திமதி. நேர் சாலையில் அது சரி. சிக்னலிலும் திருப்பத்திலும் லாரிக்கு இடது ஓரம்தான் பொறி.

டிரைவருக்கு தெரியாதா?

தெரியாது. இதை நம்ப மறுப்பவர்கள் ஒருமுறை நிற்கிற லாரியில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம்.

டிரைவர் உட்காருவது வலது பக்கம். அவருடைய கண் தரையில் இருந்து 7, 8 அடி உயரத்தில் இருக்கும். இடது பக்க கதவுக்குக் கீழே, முன் சக்கரத்தை ஒட்டி ஒருவர் சைக்கிளில் நின்றால் அவருடைய தலை அந்தக் கதவின் கண்ணாடிக்குக் கீழேதான் வரும். பக்கவாட்டு கண்ணாடியில் பார்த்தால் லாரியின் உடம்பும் பின்னால் தூரத்தில் வரும் வண்டியும் தெரியும், காலடியில் நிற்பவர் தெரியமாட்டார். லாரி திரும்பத் தொடங்கிவிட்டால் தலைப்பகுதி மட்டும் திரும்பி நிற்கும். அப்போது வலது கண்ணாடியில் வெறும் சாலைதான். இடது கண்ணாடியில் கன்டெய்னரின் தகரம் மட்டும்தான் தெரியும். பின் சக்கரம் எங்கே போகிறது என்று அவருக்கே உத்தேசம்தான்.

மூக்குக்கு நேர் கீழேயும் இதே கதை. சிக்னலில் லாரிக்கு முன்னால் ஒட்டி நிற்கும் சைக்கிள், பச்சை விழுந்ததும் பெடலில் கால் வைப்பதற்குள் லாரி நகர்ந்துவிடும்.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் ஆள் இருந்தார். கிளீனர். இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, லாரியின் உடம்பைத் தட்டி "ரைட், ரைட்... நிறுத்து, சைக்கிள்" என்று கத்துவார். டிரைவருடைய இடது கண் அவர்தான். கிளீனருக்கு கொடுக்கும் சம்பளத்தையும் படியையும் மிச்சப்படுத்த இப்போது பல லாரிகளில் டிரைவர் மட்டும் தனியாகத்தான் ஓட்டுகிறார். மிச்சமான காசு லாரி முதலாளிக்கு. அதன் விலையைக் கொடுப்பது இடது பக்கம் போகிறவன்.

திறந்து கிடக்கும் பக்கவாட்டு

பஸ் பக்கத்தில் சைக்கிள் உரசினால் தகரத்தில் மோதி விழுவோம். டிரெய்லரில் அப்படி இல்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வெறும் இடம். ஹேண்டில்பார் தார்ப்பாய் கயிற்றிலோ கொக்கியிலோ மாட்டினால், விழுகிறவர் நேராக அடியில் போவார். பின்னால் வரும் சக்கரம் பிரேக் போட்டு நிற்க நேரம் இருக்காது.

இதைத் தடுக்கத்தான் பக்கவாட்டில் இரும்பு தடுப்பு பொருத்த வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. பின்பக்கத்துக்கும் தனி தடுப்பு உண்டு. சாலையில் நின்று பத்து லாரியைப் பாருங்கள். தடுப்பு வளைந்து தொங்குவது, பாதி கழன்றது, கயிறு போட்டுக் கட்டியது எல்லாம் கண்ணில் படும். எப்.சி. காட்டும்போது மட்டும் ஒழுங்காக இருந்தால் போதுமா என்பது ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

தண்ணீர் லாரி தனி ரகம்

டிரெய்லர் பெரிய ரோட்டில்தான் வரும். தண்ணீர் லாரி நம்ம தெருவுக்கே வரும். நடை கணக்கில் காசு என்பதால் எத்தனை நடை அடிக்க முடியுமோ அத்தனை நடை அடிக்கப் பார்ப்பார்கள். 9 ஆயிரம் லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 9 டன். பாதி டேங்க் தண்ணீரோடு ஓடும்போது இன்னும் மோசம். பிரேக் அடித்ததும் உள்ளே இருக்கும் தண்ணீர் முன்னால் வந்து மோதி வண்டியைத் தள்ளும். நின்றுவிடும் என்று நினைத்த லாரி நிற்காது.

2025 ஜூன் மாதம் பெரம்பூரில் தண்ணீர் லாரியில் சிக்கி பள்ளிச் சிறுமி பலியான பிறகு, பள்ளி நேரத்தில் லாரிகள் ஓடுவதற்கான கட்டுப்பாட்டை போலீசார் இறுக்கினார்கள். ஆனால் பகலில் தடுத்து வைத்த வண்டிகள் நேரம் முடிந்ததும் மொத்தமாகக் கிளம்பும். இரவிலும் விடியற்காலையிலும் சைக்கிளில் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

என்ன செய்யலாம்?

லாரி நின்றாலும் சரி, ஊர்ந்தாலும் சரி, அதன் இடது பக்கம் நுழையக் கூடாது. இடம் இருக்கிறதே என்று தோன்றும், அப்போதும் கூடாது. பின்னாலேயே நிற்கலாம். இரண்டு நிமிடம் லேட் ஆகும், சூப்பர்வைசர் திட்டுவார், பரவாயில்லை.

லாரியின் கண்ணாடியில் உங்களுக்கு டிரைவர் முகம் தெரியவில்லை என்றால், டிரைவருக்கும் உங்களைத் தெரியாது. நீங்கள் முதலில் வந்து நின்று, லாரி அப்புறம் வந்து பக்கத்தில் ஒட்டி நின்றுவிட்டால் வெட்கப்படாமல் இறங்கி, சைக்கிளைத் தூக்கி பிளாட்பாரத்தில் வைத்துவிட வேண்டும்.

சாலை ஓரம் வரிசையாக லாரிகளை நிறுத்தி வைத்திருக்கும் இடங்களில் சைக்கிள் நடு ரோட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். ஓரத்தில் கொட்டிக் கிடக்கும் மணல் வேறு வழுக்கும். பின்னால் திரும்பிப் பார்க்காமல் சட்டென்று வெளியே வரக்கூடாது. இருட்டில் போகிறவர்கள் பின் மட்கார்டில் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம், பெரிய செலவு இல்லை.

இவ்வளவும் சொன்னாலும், எடை குறைந்தவனே எல்லா ஜாக்கிரதையும் பார்க்க வேண்டும் என்பது நியாயம் அல்ல. நம்மைப் போலவே இடது பக்கம் வண்டி ஓட்டும் ஊர் லண்டன். அங்கேயும் இதே இடது திருப்பத்தில்தான் சைக்கிள்காரர்கள் செத்தார்கள். அதனால் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, டிரைவர் கண்ணாடி உதவி இல்லாமல் நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்று அளந்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 2021 மார்ச் முதல் இது கட்டாயம். 2024 அக்டோபர் முதல் 3 நட்சத்திரத்துக்குக் கீழே உள்ள லாரி, கேமராவும் சென்சாரும் பொருத்தினால்தான் நகருக்குள் வர அனுமதி. சென்னை மாநகராட்சியும் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று 2014-ல் தனிக் கொள்கையே வகுத்தது. எண்ணூர் பக்கம் சைக்கிள் மிதிப்பவர்கள் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் 108. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்-நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அரசு ஆஸ்பத்திரி மட்டும் அல்ல, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு. தூக்கிக்கொண்டு போகிறவரை போலீஸ் அலைய விடக்கூடாது என்பதும் 2019-ம் ஆண்டு முதல் சட்டத்திலேயே இருக்கிறது. டிரைவருக்கு தர்ம அடி கொடுக்கக் கூடும் கூட்டத்தில் ஒருவராவது லாரி நம்பரைக் குறித்துக்கொண்டால் அந்தக் குடும்பத்துக்கு உபயோகம்.

லாரி நிற்காமல் போய், கடைசி வரை அடையாளமே தெரியாவிட்டால் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் மத்திய அரசின் திட்டத்தில் கிடைக்கும். 2022 ஏப்ரல் 1-க்கு முன்பு இது 25 ஆயிரமாகவும் 12,500 ஆகவும் இருந்தது. மனு கொடுக்க வேண்டியது அந்தந்தப் பகுதி கோட்டாட்சியர் அல்லது தாசில்தாரிடம்.

லாரி எது என்று தெரிந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்தில் வழக்கு போடலாம். யார் தவறு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம் கேட்க சட்டத்தில் வழி உண்டு. அதற்கு மேல் கேட்பதாக இருந்தால் டிரைவரின் தவறைக் காட்ட வேண்டும். 6 மாதத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும், காரியம் முடியட்டும், வருஷ திதி முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

"நம்ம சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்ல, இன்சூரன்ஸ் இல்ல, நம்ம மேலேயே கேஸ் திரும்பிடும்" என்று பயந்து பேசாமல் இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. சைக்கிளுக்கு இரண்டுமே தேவை இல்லை. பணம் தர வேண்டியது லாரியின் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். அந்த இன்சூரன்ஸ் இல்லாமல் லாரி ரோட்டுக்கே வரக்கூடாது.