காத்திருக்கும் எழுத்துகள்

நம் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு நீர்மட்டம் 24 அடி. மழைக்காலத்தில் நீர் எத்தனை அடி நிற்கிறது என்பது அன்றாடம் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அதே எண் ஒரு மாதம் கழித்து வந்தால், அடையாற்றின் கரையில் குடியிருப்பவருக்கு அதனால் என்ன பயன்? உயிரியலிலும் இத்தகைய தகவல்கள் உண்டு.

கொரோனா வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. என்னும் நீண்ட இழை. அதில் நால்வகை மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்துக் கொடுத்தால், ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஒரே வரி கிடைக்கும். வைரஸ் பெருகும்போது எங்கேனும் ஓர் எழுத்து மாறிவிடுகிறது. ஆனால் ஒரு நோயாளியிடம் கிடைத்த வரிசையை மட்டும் பார்த்து, மாறியது எது என்று சொல்ல முடியாது. பிற ஊர்களின், பிற நாடுகளின் வரிசைகளோடு ஒப்பிட வேண்டும். இதற்காகவே பொதுத் தகவல் வங்கிகள் ஏற்பட்டன.

அமெரிக்காவின் ஜென்பேங்க் 1982-இல் தொடங்கியது. ஆய்விதழ்களில் அச்சான வரிசைகளைப் பார்த்துப் பார்த்து ஆட்கள் கணிப்பொறியில் ஏற்றினர். கண் வலிக்கும் வேலை! கட்டுரை வெளியாகி ஓராண்டு சென்றும் வங்கியில் ஏறாத வரிசைகள் இருந்தன. பின்னர், வரிசையை வங்கியில் ஒப்படைத்தால்தான் கட்டுரையை வெளியிடுவோம் என்று ஆய்விதழ்கள் விதி செய்தன. 1996-இல் பெர்முடாவில் கூடிய மனித மரபணுத் திட்டத்தினர், படித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் வெளியிடுவது என முடிவு செய்தனர்.

விரைவின் பயன் 2020-இல் தெரிந்தது. கொரோனா வைரஸின் வரிசை ஜனவரி 11 அன்று உலகுக்குக் கிடைத்தது. வைரஸ் கைக்கு வராமலே, எழுத்துகளை மட்டும் கொண்டு, ஜனவரி 13-இல் மாடர்னா தடுப்பூசியின் வடிவம் முடிவாயிற்று. ஆனால் பெய்ஜிங்கிலிருந்து ஒரு வரிசை 2019 டிசம்பர் 28 அன்றே ஜென்பேங்குக்கு வந்திருந்தது! வங்கி கேட்ட கூடுதல் விவரங்கள் வராததால் அது வெளியாகவில்லை. இச்செய்தி 2024-இல்தான் தெரிய வந்தது.

நம் நாட்டில் 2020 டிசம்பரில், 10 ஆய்வகங்களைக் கொண்டு இன்சாகாக் என்ற கூட்டமைப்பு உருவாயிற்று. எனினும் 2021 ஏப்ரல் இறுதியில், இரண்டாம் அலை உச்சத்தை நெருங்கிய வேளையில், பல நூறு இந்திய அறிவியலர் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்தனர். நோய்த் தகவல்கள் ஆய்வாளர்களுக்குக் கிடைக்க வேண்டும், வரிசைகள் காலத்தோடு வெளியாக வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

தாமதம் எங்கே நேர்கிறது? அப்போது ஆவடியிலோ பூந்தமல்லியிலோ எடுத்த மாதிரியின் வரிசையைப் படிக்க வேண்டுமானால், அது பெங்களூருக்குப் போக வேண்டும். சென்னையில் தமிழக அரசின் ஆய்வகம் 2021 செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. வரிசை படிக்கும் கருவியும் பேருந்தைப் போன்றதே. போதிய மாதிரிகள் சேர்ந்த பிறகு ஓட்டினால்தான் செலவு கட்டுப்படியாகும். அடுத்து, மாதிரி எடுத்த நாளும் ஊரும் சரியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். நாளும் இடமும் இல்லாத அளவீட்டை எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும் ஏற்க மாட்டோம்.

இவற்றோடு மனிதத் தயக்கமும் உண்டு. 'நான் பாடுபட்டுப் படித்த வரிசையை வைத்து வேறொருவர் முந்திக்கொண்டு கட்டுரை எழுதிவிட்டால்?' இந்த அச்சத்தை நான் குறை கூற மாட்டேன். தகவல் தந்தவரின் பெயரைச் சொல்லியே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு கிசெய்ட் என்ற வங்கி 2008-இல் தொடங்கியது இதனால்தான். கொரோனா வரிசைகளில் மிகப் பல அங்கேதான் வந்து சேர்ந்தன. 2022 நவம்பரில் ஃபரீதாபாதில் திறக்கப்பட்ட இந்திய உயிரியல் தகவல் மையத்திலும் இரண்டு வழிகள் உள்ளன. தகவலை உடனேயோ ஒரு குறிப்பிட்ட காலம் கழித்தோ எல்லோருக்கும் திறந்துவிடலாம். அல்லது தகவல் தந்தவரின் முன் அனுமதி பெற்றவருக்கு மட்டும் கிடைக்குமாறு வைத்திருக்கலாம்.