டர்போவை மாட்டலாம், பெட்ரோலை யார் அளப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை. தாமான் வீட்டு வாசலில் ஒரு பழைய புரோட்டோன் வீரா, போனட் திறந்தபடி நிற்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் நத்தை ஓடு போன்ற கனமான இரும்புப் பொருள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த டர்போவை மாட்டிட்டா போதும் தம்பி, வண்டி பறக்கும்!" என்கிறார். இப்படி ஒரு காட்சியை நீங்களும் பார்த்திருக்கலாம். நாளை நீங்களே அந்த அண்ணனாக ஆகவும் கூடும்.

வண்டி பறக்குமா, இல்லை பழுதுபார்க்கும் பட்டறைக்கு இழுவை வண்டியில் போகுமா என்பதை முடிவு செய்வது டர்போ அல்ல. பெட்ரோலை அளந்து கொடுப்பது யார், தீப்பொறியை எப்போது மூட்டுவது யார் என்பதுதான் முடிவு செய்கிறது. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

காற்றுக்கு எடை உண்டு

பெட்ரோல் தனியாக எரியாது; காற்று வேண்டும். 1 கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. ஆகவே, இஞ்சின் எவ்வளவு பெட்ரோலை எரிக்க முடியும் என்பது, அது எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது என்பதைப் பொறுத்தது.

சாதாரண இஞ்சின் தன் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. வளிமண்டலம் எவ்வளவு தள்ளிவிடுகிறதோ அவ்வளவுதான் உள்ளே போகும். டர்போ அந்த எல்லையை உடைக்கிறது. வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் திணிக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃபிரெட் பூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

இப்போது ஒரு சிறு கணக்கு. 1,500 சிசி இஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீச்சு இஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும். எனவே நிமிடத்துக்கு 3,000 x 1.5 = 4,500 லிட்டர் காற்று. நடைமுறையில் சிலிண்டர் முழுதாக நிரம்பாது. ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல் நிரம்புகிறது என்று கொண்டால், நம் நாட்டு வெப்பத்தில் அது ஏறத்தாழ 4.3 கிலோகிராம் காற்று.

முழு வேகத்தில் இஞ்சினுக்குச் சற்றுக் கூடுதல் பெட்ரோல் கொடுப்பார்கள். 12.5 கிராம் காற்றுக்கு 1 கிராம் என்று வைத்தால், நிமிடத்துக்கு 344 கிராம், அதாவது சுமார் 465 சிசி பெட்ரோல். நான்கு இஞ்செக்டர்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 116 சிசி.

அடுத்து டர்போவை மாட்டுவோம். காற்றழுத்தம் 0.5 பார் மட்டும் கூடுகிறது. அதாவது 7 பிஎஸ்ஐ. வீட்டில் செய்யும் முதல் டர்போவுக்கு இது அடக்கமான அளவு. இன்டர்கூலர் இருந்தால் காற்றின் எடை ஏறத்தாழ 1.4 மடங்காகும்: 6 கிலோகிராம். டர்போ இஞ்சினின் வெப்பத்தைத் தணிக்க இன்னும் தாராளமாக, 11.5-க்கு 1 என்ற விகிதத்தில் பெட்ரோல் வேண்டும். கணக்கிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 705 சிசி. ஒவ்வோர் இஞ்செக்டருக்கும் 176 சிசி.

இஞ்செக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் நுண்ணிய குழாய். அது திறந்திருக்கும் நேரமே பெட்ரோலின் அளவு. 6,000 சுழற்சியில் ஒரு முழுச் சுற்றுக்குக் கிடைப்பது 20 மில்லிவினாடி மட்டுமே. அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பது பொது விதி. அப்படியானால் நமக்குத் தேவை நிமிடத்துக்கு 220 சிசி கொடுக்கும் இஞ்செக்டர். வண்டியில் இருப்பது 170 சிசி கொடுப்பது என்றால்? முழு நேரமும் திறந்தே கிடந்தாலும் போதாது. காற்று வந்துவிட்டது, பெட்ரோல் வரவில்லை.

ஓட்டை விழுந்த பிஸ்டன்

பெட்ரோல் குறைந்தால் வேகம் குறையும், அவ்வளவுதானே என்று நினைக்கிறீர்களா? விஷயம் அதோடு நிற்பதில்லை.

சரியாக எரியும்போது தீ, ஸ்பார்க் பிளக்கில் தொடங்கி ஓர் அலைபோலப் பரவுகிறது. காற்று அதிகம் அமுங்கி, அதிகம் சூடாகி, பெட்ரோலும் குறைவாக இருந்தால், தீ வந்து சேரும் முன்பே ஓரத்தில் உள்ள கலவை தானாக வெடித்துவிடும். இதைத்தான் 'நாக்கிங்' என்கிறார்கள். சுத்தியலால் தட்டுவது போன்ற 'டக் டக்' ஓசை கேட்கும். சிலிண்டருக்குள் தீயின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியசைத் தாண்டும். சுத்தமான அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். அலுமினியக் கலவையால் செய்த பிஸ்டனைக் காப்பது அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய, அசையாத வாயுப் படலம். நாக்கிங்கின் அதிர்வலை அந்தப் படலத்தைக் கிழித்துவிடுகிறது. பழைய பட்டறைகளில் மேசைமேல் நடுவில் ஓட்டை விழுந்த பிஸ்டனைப் பார்த்தால், அதன் கதை பெரும்பாலும் இதுதான்.

பெரிய நிறுவனங்களே இதில் திணறியிருக்கின்றன. அமெரிக்காவில் 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போவுடன் விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. நாக்கிங்கைத் தடுக்க அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனியாக ஊற்றி வைக்க வேண்டும். பல உரிமையாளர்கள் அதை ஊற்ற மறந்தார்கள். கடைசியில் பலருடைய காரிலிருந்து டர்போவையே கழற்றிவிட வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 2012-இல் வந்த புரோட்டோன் பிரெவேயின் 1.6 டர்போ இஞ்சினைப் பாருங்கள். டர்போ இல்லாத கேம்புரோ 1.6 இஞ்சினின் அமுக்க விகிதம் 10-க்கு 1. டர்போ பொருத்தியபோது அதை 8.9-க்கு 1 என்று குறைத்தே வடிவமைத்தார்கள். வீட்டில் டர்போ மாட்டுபவர் பெரும்பாலும் பழைய பிஸ்டனையே வைத்துக்கொள்கிறார். எனவே அவருக்குத் தவறு செய்ய இடம் இன்னும் குறைவு.

நான்கு வழிகள்

பெட்ரோலை அளக்கும் மூளை, ஈசியூ எனப்படும் சிறிய கணினி. தொழிற்சாலையில் அதற்கு டர்போ என்று ஒன்று இருப்பதே சொல்லித் தரப்படவில்லை. சாதாரணக் காரின் காற்றழுத்த உணரி வளிமண்டல அழுத்தத்துக்குச் சற்று மேல்வரைதான் அளக்கும். அதற்கு மேல் எவ்வளவு காற்று வந்தாலும் ஒரே எண்ணையே காட்டும். ஆக, டர்போ வேலை செய்யத் தொடங்கும் நொடியில் ஈசியூவுக்குக் கண் தெரியாமல் போகிறது. இதைச் சமாளிக்க நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, பெட்ரோலின் அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர். விலை மலிவு, மின்கம்பி வேலை இல்லை. ஆனால் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. பாயும் பெட்ரோலின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். இரு மடங்கு பெட்ரோல் வேண்டுமென்றால் நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும்: 3 பார் 12 பார் ஆக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 170 சிசி இஞ்செக்டரை 220 சிசி ஆக்கவே 5 பார் தேவை. அழுத்தம் கூடக்கூட பம்ப் தள்ளும் அளவோ குறைந்துகொண்டே வரும். தவிர, இந்த ரெகுலேட்டருக்குத் தீப்பொறியின் நேரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இரண்டாவது, 'பிகிபேக்'. உணரிக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து சமிக்ஞையை மாற்றும் சிறு பெட்டி. பலர் முதலில் வாங்குவது இதைத்தான். இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். பெரிய இஞ்செக்டர் மாட்டினால் எல்லா நேரமும் பெட்ரோல் அதிகமாக விழும். அதைக் குறைக்க, "காற்று குறைவாகத்தான் வருகிறது" என்று பெட்டி ஈசியூவிடம் பொய் சொல்கிறது. ஈசியூவும் நம்பிப் பெட்ரோலைக் குறைக்கிறது. ஆனால் காற்று குறைவு என்றால் இஞ்சினுக்குச் சுமை குறைவு என்றுதான் அது புரிந்துகொள்ளும். சுமை குறைவு என்றால் தீப்பொறியை முன்கூட்டியே மூட்டும். டர்போவுக்கோ தீப்பொறி தாமதமாக வர வேண்டும். ஒரு பொய்யைச் சமாளிக்கப் போய் நாக்கிங்கை வாசலுக்கே அழைத்து வந்த கதைதான். தீப்பொறி நேரத்தையும் தனியாகத் திருத்தும் பிகிபேக் என்றால் மட்டுமே யோசிக்கலாம்.

மூன்றாவது, இருக்கும் ஈசியூவின் உள்ளே உள்ள எண்களையே மாற்றி எழுதுவது. பட்டறைகளில் 'ரீமேப்' என்பார்கள். பெட்டி புதிதாக வாங்க வேண்டாம். குளிர்சாதனம், மீட்டர் எல்லாம் பழையபடி வேலை செய்யும். ஆனால் அந்த ஈசியூவைத் திறந்து எழுதத் தெரிந்தவர் இருக்க வேண்டும். பெரிய அழுத்த உணரியை அது ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். எல்லாப் பழைய கார்களுக்கும் இது வாய்ப்பதில்லை.

நான்காவது, 'ஸ்டாண்ட்அலோன்'. பழைய மூளையை ஒதுக்கிவிட்டுப் புதிய மூளை பொருத்துவது. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக் போன்றவை ஆயத்தமாகக் கிடைக்கின்றன. மெகாஸ்குவர்ட் என்பது கற்க விரும்புபவர்கள் தாங்களே உதிரிப் பாகங்களைப் பற்றவைத்துச் செய்யும்படி வெளிவந்தது. இதில் பெட்ரோல், தீப்பொறி இரண்டும் உங்கள் கையில். அதற்கேற்ற உழைப்பும் உங்கள் தலையில்.

அட்டவணைக்குள் இருக்கும் அறிவு

ஸ்டாண்ட்அலோன் ஈசியூவைக் கணினியில் திறந்தால் நீங்கள் பார்ப்பது ஓர் அட்டவணை. ஒரு பக்கம் இஞ்சின் வேகம், மறுபக்கம் காற்றழுத்தம்; 16-க்கு 16 என்றால் 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்ற எண் இருக்கும். அழுத்தம், கன அளவு, வெப்பநிலை மூன்றும் தெரிந்தால் காற்றின் எடையைக் கண்டுபிடிக்கலாம். வகுப்பில் படிக்கும் வாயு விதிகள்தாம்! ஈசியூ அதே கணக்கை வினாடிக்குப் பல முறை போடுகிறது. இதே போன்ற இன்னோர் அட்டவணை தீப்பொறிக்கு.

அந்தக் கட்டங்களைச் சரியாக நிரப்புவதுதான் 'டியூனிங்'. அதற்கு இன்றியமையாத கருவி 'வைட்பேண்ட்' ஆக்சிஜன் உணரி. காரில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண உணரி, 14.7-க்கு மேலா கீழா என்று மட்டுமே சொல்லும். தேர்வில் தேறினாயா இல்லையா என்று மட்டும் சொல்லும் ஆசிரியரைப் போல. வைட்பேண்ட்தான் மதிப்பெண்ணைச் சொல்லும்: 11.5-ஆ, 13-ஆ என்று. அந்த எண் தெரியாமல் டியூன் செய்வது, கண்ணைக் கட்டிக்கொண்டு உப்புப் போடுவதாகும்.

தொடக்கத்தில் பெட்ரோல் தாராளமாகவும் தீப்பொறி தாமதமாகவும் இருக்க வேண்டும். 1 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு 1 பாகை தாமதம் என்பது பட்டறைகளில் வழங்கும் ஆரம்பக் கணக்கு. முதலில் வெறுமனே நிற்கும் நிலை, பிறகு மெதுவான ஓட்டம், கடைசியில்தான் டர்போ அழுத்தம். இதைச் சாலையில் செய்யக் கூடாது. சக்கரங்களை உருளையின் மேல் ஓடவிடும் 'டைனோ' கருவியில், அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

அந்த அண்ணன் உங்களிடம் ஆலோசனை கேட்டால், மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். இந்தக் கருவி வளிமண்டலத்துக்கு மேலான அழுத்தத்தை உண்மையாக அளக்குமா? தீப்பொறியைத் தாமதப்படுத்துமா? அழுத்தம் எல்லை மீறினால் பெட்ரோலை நிறுத்தி இஞ்சினைக் காக்குமா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் அது ரீமேப்போ ஸ்டாண்ட்அலோனோ, எதுவும் சரி. ஒன்றுக்கு "இல்லை" என்றாலும், மலிவு என்பதற்காக வாங்கக் கூடாது.

இன்னொரு கேள்வியும் உண்டு: இதை டியூன் செய்யத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா? உலகத்திலேயே சிறந்த ஈசியூவாக இருந்தாலும், தவறான எண்கள் நிரம்பியிருந்தால் பிஸ்டனை உருக்கவே செய்யும்.

செலவின் வரிசையும் முக்கியம். பலர் கையில் உள்ள பணத்தையெல்லாம் டர்போவுக்குக் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையில் பெட்ரோல் ஏற்பாட்டைச் செய்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: இஞ்சின் நலமா என்று அமுக்கச் சோதனை, பம்ப், இஞ்செக்டர், உணரிகள், ஈசியூ, டியூனிங் கட்டணம், அதற்குப் பிறகு டர்போ. முதல் ஐந்தையும் டர்போ இல்லாமலேயே பொருத்தி, வண்டியை ஒழுங்காக ஓட வைக்க முடிந்தால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மலேசியாவில் இஞ்சினில் இத்தகைய மாற்றம் செய்யச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குடும்பம் முழுவதும் நம்பியிருக்கும் ஒரே வண்டி என்றால், அதில் சோதனை செய்யவே வேண்டாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு

ஓர் இஞ்செக்டர் 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 200 சிசி பெட்ரோல் கொடுக்கிறது. அழுத்தத்தை 4 பார் ஆக்கினால் எவ்வளவு கொடுக்கும்? 267 என்று சொல்லத் தோன்றும். வர்க்கமூலத்தை நினைவில் வைத்துப் போட்டால் விடை 231 சிசி. இடையிலுள்ள அந்த 36 சிசிதான், ஓடும் வண்டிக்கும் பட்டறை மேசைமேல் இருக்கும் ஓட்டை பிஸ்டனுக்கும் உள்ள வித்தியாசம்.