சித்தூர் கோர்ட்டில் ஒரு முஃப்தி: இஸ்லாமியச் சட்டத்துக்குள் ஐரோப்பியச் சட்டம் நுழைந்தது எப்படி?

கொலை செய்யப்பட்டவரின் குடும்பமே 'மன்னிச்சிட்டோம்' என்று சொன்னாலும் இன்று வழக்கு நிற்காது. வழக்கை நடத்துவது அரசு. ஆனால், சுமார் 220 வருஷத்துக்கு முன்பு சித்தூர், திருப்பதி பகுதியில் நிலைமை வேறு.

அப்போது என்ன சட்டம்?

இந்தப் பகுதி ஆற்காடு நவாப்பின் ஆட்சியில் இருந்தது. முகலாயர் மரபுப்படி, குற்ற வழக்கு என்றால் எல்லா மதத்தவருக்கும் இஸ்லாமியச் சட்டம்தான். கொலையானவரின் வாரிசுகள் குற்றவாளியை மன்னிக்கலாம். இல்லையென்றால் 'தியத்' என்ற இழப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். 1801-ல் ஆட்சி அதிகாரம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது.

உடனே பிரிட்டிஷ் சட்டம் வந்துவிட்டதா?

இல்லை, அங்கேதான் விஷயம் இருக்கு. 1802-ல் வங்காள மாதிரியில் மதராஸ் மாகாணத்தில் நீதிமன்றங்கள் வந்தன. அதில் ஒரு பிராந்திய நீதிமன்றம் சித்தூரில் அமைந்தது. தீர்ப்பு சொல்வது ஆங்கிலேய நீதிபதி. காஜியும் முஃப்தியும் ஃபத்வா, அதாவது சட்டக் கருத்து தருவார்கள். சட்டத்தின் பெயர் மாறவில்லை, உள்ளடக்கம்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. வாரிசுகளின் மன்னிப்பு, உறுப்பை வெட்டும் தண்டனை போன்றவற்றை வங்காளத்தில் கம்பெனி 1790-களிலேயே ஓரம்கட்டியிருந்தது.

முழு மாற்றம் எப்போது?

1862 ஜனவரி 1-ல் இந்திய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தது. 1864-ல் நீதிமன்ற முஃப்தி பதவியே போய்விட்டது. 1880 காஜிகள் சட்டம் காஜிகளைத் திரும்பக் கொண்டுவந்தாலும், நீதி வழங்கும் அதிகாரத்தை அவர்களுக்குத் தரவில்லை.

மற்ற நாடுகளில்?

ஒட்டோமான் பேரரசு 1850-ல் வணிகச் சட்டத்தையும் 1858-ல் குற்றச் சட்டத்தையும் பிரெஞ்சு மாதிரியில் எழுதியது. துருக்கி 1926-ல் சுவிட்சர்லாந்தின் சிவில் சட்டத்தைத் தழுவிக்கொண்டது. அங்கெல்லாம் இது உள்ளூர் அரசுகளே எடுத்த முடிவு. இங்கே காலனி அரசு செய்தது. ஆனா ரெண்டு இடத்திலும் ஒரு ஒற்றுமை: குற்றமும் வணிகமும் முதலில் கைமாறின, குடும்பச் சட்டம்தான் அதிக காலம் தாங்கியது.

அப்போ குடும்பச் சட்டம் அப்படியே இருக்கா?

அதுவும் இல்லை. ஆங்கிலேய நீதிபதிகள் 'ஹிதாயா' என்ற ஹனஃபி நூலின் 1791 ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துத் தீர்ப்பு எழுதினார்கள். ஒரு தீர்ப்பு அடுத்த வழக்குக்கு முன்னுதாரணம் ஆனது. அறிஞருக்கு அறிஞர் மாறக்கூடிய கருத்துகள் கல்வெட்டு மாதிரி இறுகிப்போயின.

உங்களுக்கு இதில் என்ன?

1937 ஷரியத் சட்டம் முஸ்லிம்களின் வாரிசுரிமைக்குப் பொருந்தும். ஆனால், விவசாய நிலத்துக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1949-ல் மதராஸ் மாகாணம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. அப்போது சித்தூர் மாவட்டமும் மதராஸில்தான் இருந்தது. ஆகவே, அப்பா உயில் எழுதாமல் இறந்தால் வயல்காட்டிலும் மகளுக்குப் பங்கு உண்டு, மகனுக்குக் கிடைப்பதில் பாதி. பங்கின் அளவு ஷரியத் சொல்வது. அதைக் கேட்டு நீங்கள் போகவேண்டிய இடம், பிரிட்டிஷார் விட்டுச்சென்ற பாணியில் இயங்கும் சிவில் கோர்ட்.