கப்பல் விருந்தும் கரை மீனும்

கடலின்மேல் மிதந்துகொண்டே கடல் மீன் உண்பதைவிடப் பெரிய பாக்கியம் வேறென்ன என்று உல்லாசக் கப்பலுக்குச் சீட்டு வாங்குகிறவர்கள் எண்ணுவது இயற்கையே. 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து கார்டிலியா கம்பெனியின் 'எம்பிரஸ்' கப்பல் புறப்பட்டது முதல் அந்த ஆசை நம் வீடுகளிலும் புகுந்துவிட்டது. சூதாட்டம் பற்றிய ஆட்சேபத்தால் அப்போது புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. 2025 ஜூலையில்தான் கப்பல் வந்து கரைக்கு அப்பால் நங்கூரமிட்டது. பிரயாணிகள் சிறு படகுகளில் ஊர் பார்க்க வந்தார்கள்.

விருந்து விஷயத்துக்கு வருவோம். உல்லாசக் கப்பல் எதுவும் வலை வீசுவதில்லை. நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே வேளையில் பரிமாற வேண்டியிருப்பதால், துறைமுகத்தில் ஏற்றிய மீன் பெரும்பாலும் உறைநிலையில் கிடங்கில் கிடந்து மேஜைக்கு வருகிறது. இதை மோசடி என்று சொல்லமாட்டோம்; கெட்டுப்போன மீனைவிட உறைந்த மீன் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் விளம்பரப் படத்துச் சிங்கி இறால் பல கப்பல்களில் ஏதோ ஒரு விசேஷ இரவில்தான் தலை காட்டும். இல்லாவிட்டால், தனிப் போஜனசாலையில் தனிப் பணம். வயிறு நிறைவதில் குறைவில்லை. ஏமாறுவது நாக்குத்தான்.

புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர்ச் சாலையில் உள்ள தவளக்குப்பத்துக்காரர்களுக்கு இந்த ஏமாற்றம் வேடிக்கையாகவே இருக்கும். பக்கத்து நல்லவாட்டுக் கரையில் காலையில் இறங்கிய மீன் மத்தியானம் புளிக்குழம்பில் கொதிக்கிறது. அங்கும் நினைத்ததெல்லாம் நினைத்த நாளில் கிடைத்துவிடாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. வஞ்சிரம் விலை ஏறும், நாட்டுப் படகு கொண்டுவரும் சிறு மீனே குழம்புக்கு. கப்பலின் உணவுப் பட்டியலுக்கோ அத்தகைய பருவம் கிடையாது. அதன் சௌகரியமும் சுவைக்குறைவும் அதனால்தான்.

கரையிறங்கும் பிரயாணிகள் பிரெஞ்சு வீதிகளோடு திரும்பிவிட வேண்டியதில்லை. நேரம் இருந்தால் தெற்கே ஒரு வண்டி பிடிக்கலாம். "இன்றைக்கு என்ன மீன் வந்தது?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்காரலாம்.