மையும் நீர்வர்ணமும் கொண்டு கற்பனைச் செடி வரைதல்

சேலை முந்தானையில் நாம் நெய்யும் கொடியை எந்தத் தோட்டத்திலும் காண இயலாது. அது சித்திரக்காரரின் கற்பனை. ஆயினும் சில கொடிகள் உயிருள்ளவை போலவும், சில வெறுங் காகிதப்பூப் போலவும் தோன்றுகின்றன. உண்மைச் செடியைப் பார்த்துக் கை பழகியவர் வரைந்தது முதல் வகை. பிறர் மாதிரியைப் பார்த்து வரைந்தது இரண்டாம் வகை. நம் சந்தைகளில் இரண்டாம் வகையே மலிந்திருப்பது வருந்தத்தக்கது.

செடியைப் பார்த்து வரைவதில் நம் நாட்டவர்க்கிருந்த தேர்ச்சிக்கு ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரின் நூல்களே சான்று. 1830-களில் பாளையங்கோட்டையிலும் குற்றாலத்திலும் செடிகளைத் திரட்டிய இவர், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்களை வெளியிட்டார். அவருக்காகச் சித்திரம் எழுதியவர்கள் ரங்கையாவும், அவருக்குப் பின் கோவிந்துவும் ஆவர். கம்பெனி ஆட்சியில் நம் சித்திரக்காரர் பலர் பெயரின்றியே மறைந்தனர். வைட் அவ்வாறு விடவில்லை. படங்களின் அடியில் வரைந்தவர் பெயரை அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் இனத்திற்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார்.

திசையன்விளைத் தேரிப் பகுதியில் பார்த்து வரையச் செடிக்கா பஞ்சம்? உடை, எருக்கு, பனை, முருங்கை எல்லாம் உள்ளன. முருங்கையையே எடுத்துக்கொள்வோம். காம்பிலிருந்து கிளைக்காம்பு, அதிலிருந்து சிறுகாம்பு, அதில் எதிரெதிராகச் சிற்றிலைகள். பூவிலோ ஓர் இதழ் முன்னோக்கி நிற்க, மற்றவை பின்னோக்கி வளைந்திருக்கும். இவ்வொழுங்கைக் கண்டறிந்த பின்னரே கற்பனைக்கு இடங்கொடுக்கலாம். சிற்றிலைக்குப் பதில் பனையோலையின் விசிறி மடிப்பை வைப்பினும், கிளைக்கும் முறை மாறாதிருந்தால் செடி பொய்யாகத் தோன்றாது.

முதலில் பென்சிலால் மெல்லிய கோடு. அதன்மேல் நீரில் கரையாத கறுப்பு மையால் முள்பேனாக் கோடு. மை நன்கு உலரவேண்டும். அவசரப்பட்டால் வர்ணத்தோடு கலந்து தாள் அழுக்காகும். பின்னர் நீர் மிகுந்த வெளிர் வர்ணத்தை முதலிலும், அடர்ந்ததை இறுதியிலும் பூசுக. வெள்ளைப் பூவுக்கு வெள்ளை வர்ணம் தேவையில்லை. தாளையே வெறுமையாக விட்டு, நிழலுக்கு மட்டும் சிறிது பசுமஞ்சள் போதும்.

தறிக்குக் கொண்டுபோகையில் சித்திரத்தைக் கட்டத்தாளில் மாற்றவேண்டும். ஒரு கட்டம், ஒரு பாவிழையும் ஓர் ஊடையிழையும் சந்திக்குமிடம். வளைகோடு அங்கே படிக்கட்டாகும். மயிரிழைக் கோடு மறைந்துபோகும். நீர்வர்ணத்தின் பத்துச் சாயல்கள் இரண்டு மூன்று நூல் நிறங்களில் அடங்கவேண்டும். ஆதலால் சிற்றிலைகளைக் குறைத்துப் பெரிதாக்குவது நலம்.

புது மாதிரி வரைந்து தரும் அங்கத்தினர்க்குக் கூலி கொடுத்தால் போதுமென்று கருதும் சங்கங்கள் உண்டு. நாம் அதனை ஒப்பவில்லை. மாதிரித் தாளின் மூலையிலும் சங்கப் பதிவேட்டிலும் அவர் பெயர் எழுதப்பட்ட பின்னரே தாள் தறிக்குச் செல்லவேண்டும்.