தூரத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று: எந்தக் கேமராவை வாங்குவது?

கேமராக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கேமராக்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று சட்டைப்பையில் அடங்கிவிடும். அதன் குறிப்பில் 8 எக்ஸ் ஜூம் என்று இருக்கிறது. இன்னொன்று ஒன்றரைக் கிலோவை நெருங்கும். அதில் 125 எக்ஸ். வாங்க வந்தவரின் கண் இயல்பாகவே பெரிய எண்ணின் மேல்தான் போகும். ஆனால் அந்த எண் சொல்வது மிகக் குறைவு. லென்ஸின் மிக நீண்ட குவியத் தொலைவை மிகக் குறுகிய குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பதுதான் இந்த 'எக்ஸ்'. படம் எவ்வளவு தெளிவாக இருக்கும், மாலை ஆறரை மணிக்கு அந்தக் கேமரா வேலை செய்யுமா, கையில் பிடித்து எடுக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. சிறிய கேமராவுக்கும் சூப்பர்ஜூம் எனப்படும் இந்தப் பெரிய கேமராவுக்கும் இடையில் முடிவெடுக்க வேண்டியவர் கேட்க வேண்டியவை இரண்டு: நான் படம் எடுக்க விரும்புவது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அங்கே எவ்வளவு வெளிச்சம் இருக்கும்?

நிக்கான் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த கூல்பிக்ஸ் பி1000 என்ற கேமராவை எடுத்துக்கொள்வோம். பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் கணக்கில் சொன்னால் அதன் லென்ஸ் 24 முதல் 3000 மி.மீ. வரை நீளும். எடை 1,415 கிராம். 2025இல் வந்த பி1100 மாடலிலும் இதே வீச்சுதான். உண்மையில் 3000 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸ் அதற்குள் இல்லை. லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு 539 மி.மீ. மட்டுமே. படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் மிகச் சிறியதாக இருப்பதால், காட்சியின் நடுவிலிருந்து ஒரு துண்டு மட்டுமே அதன் மேல் விழுகிறது. அதனால்தான் அது 3000 மி.மீ. லென்ஸின் பார்வைக்குச் சமமாகிறது. அந்த சென்சாரின் அளவு சுமார் 6.2க்கு 4.6 மி.மீ., அதாவது ஏறக்குறைய 28 சதுர மி.மீ. பரப்பு. சோனி ஆர்எக்ஸ்100 வரிசை, கேனான் ஜி7 எக்ஸ் வரிசை போன்ற நல்ல பாக்கெட் கேமராக்களில் இருக்கும் '1 அங்குல' சென்சாரின் அளவு 13.2க்கு 8.8 மி.மீ.; பரப்பு 116 சதுர மி.மீ. (பெயரில் அங்குலம் இருந்தாலும் அதன் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் வராது.) நான்கு மடங்குக்கு மேல் பெரிய பரப்பு என்றால், ஒரே எஃப் எண்ணில் (லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எண்; அது சிறிதானால் துளை பெரிது) நான்கு மடங்குக்கு மேல் ஒளி. சூப்பர்ஜூமின் வலிமைக்கும் பலவீனத்துக்கும் காரணம் ஒன்றுதான்: அந்தச் சின்ன சென்சார்.

பலவீனத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் விளம்பரத்தில் அது வருவதில்லை. பி1000 முழு ஜூமுக்குப் போகும்போது அதன் துளை எஃப்/8 ஆகிவிடுகிறது. ஒளி ஓர் அலை. துளை வழியே வரும்போது அது சற்றே விரிந்து பரவும். எஃப்/8இல், பொருளின் ஒரு புள்ளி சென்சாரில் சுமார் 10.7 மைக்ரான் அகலமுள்ள சிறு வட்டமாக விழும். அந்த சென்சாரில் ஒவ்வொரு பிக்ஸலும் ஏறக்குறைய 1.3 மைக்ரான். அதாவது ஒரு புள்ளி எட்டு பிக்ஸல் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. 1.6 கோடி பிக்ஸல் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் முழு ஜூமில் கிடைக்கும் நுணுக்கம் அதில் ஒரு சிறு பங்குதான். அடுத்தது வெளிச்சம். பட்டப்பகல் வெயிலில் எஃப்/8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100 என்று வைத்தால் ஷட்டர் வேகம் 1/500 நொடி கிடைக்கும். குறையில்லாத படம் வரும். சூரியன் மறைந்து சில நிமிடங்களில் ஒளி முப்பதில் ஒரு பங்காகிவிட்டால், அதே வேகத்துக்கு ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்ற வேண்டும். இவ்வளவு சிறிய சென்சார் அந்த அளவில் இறகின் வரிகளை அழித்து, மெழுகு பூசியது போன்ற படத்தைத்தான் தரும். கை நடுக்கமும் இருக்கிறது. குவியத் தொலைவு எவ்வளவோ அத்தனையில் ஒரு பங்கு நொடியாவது ஷட்டர் வேகம் வேண்டும் என்பது பழைய நடைமுறை விதி. 3000 மி.மீ.க்கு 1/3000 நொடி. அதிர்வைக் குறைக்கும் ஏற்பாடு ஐந்து படி (ஒவ்வொரு படியும் இரு மடங்கு) உதவினால் 1/100 நொடி வரை இறங்கலாம். ஆனால் அந்த ஏற்பாடு கையின் நடுக்கத்தைத்தான் அடக்கும். கிளையில் தத்தும் பறவையை அசையாமல் நிறுத்தாது. இவை எல்லாம் சரியாக இருந்தாலும், நண்பகலில் தரையிலிருந்து எழும் சூடான காற்று அரைக் கிலோமீட்டர் தள்ளி இருப்பதை நெளிய வைத்துவிடும். அதைத் திருத்தும் கேமரா எந்த விலையிலும் இல்லை.

இவ்வளவையும் படித்தவர், அப்படியானால் பாக்கெட் கேமராதான் என்று முடிவு கட்டலாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என்றால் அந்த முடிவு சரி. கல்யாண மண்டபம், பிறந்தநாள், வீட்டு வரவேற்பறை என்று பெரும்பாலானோர் எடுக்கும் படங்கள் சில மீட்டர் தூரத்தில், மங்கலான விளக்கொளியில் நடப்பவை. கேனான் ஜி7 எக்ஸ் மூன்றாம் மாடல் எஃப்/1.8 வரை துளையைத் திறக்கும். சாதாரண மண்டப வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 400இலேயே 1/80 நொடி கிடைத்துவிடும். எடை சுமார் 300 கிராம். ஆனால் இன்று கேள்வியே மாறிவிட்டது, ஏனென்றால் வாங்குபவரின் பையில் ஏற்கெனவே ஒரு கேமரா இருக்கிறது. நல்ல கைபேசிகளின் முதன்மை கேமராவில் இருக்கும் சென்சார், பி1000இன் சென்சாரைவிடப் பெரியது. 1 அங்குல சென்சார் உள்ள கைபேசிகளும் 2022 முதல் பரவலாகப் பேசப்படுகின்றன. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர்களின் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010இல் 12 கோடிக்கு மேல் போன, விற்பனைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்களின் எண்ணிக்கை, 2023இல் 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. இந்தச் சரிவில் பெரும்பகுதி மலிவான பாக்கெட் கேமராக்களுடையது. சிறிய சென்சாரும் ஐந்து எக்ஸ் ஜூமும் உள்ள அந்த வகையை இன்று புதிதாக வாங்குவதற்கு, பழைய படங்களின் நிறச்சாயல் பிடிக்கும் என்பதைத் தவிர வேறு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

எனவே சரியான கேள்வி, இரண்டில் எது சிறந்தது என்பதல்ல. என் கைபேசியால் முடியாததை எது செய்யும் என்பதுதான். அப்படிக் கேட்டால், பலருக்கும் விடை சூப்பர்ஜூம் பக்கம் சாய்கிறது. ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நிற்கிறோம். 60 மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள சங்குவளை நாரை. கைபேசியின் 24 மி.மீ. பார்வையில் அந்தத் தூரத்தில் 90 மீட்டர் அகலக் காட்சி படத்துக்குள் வருகிறது. நாரை அதில் ஒரு புள்ளி. 200 மி.மீ. வரை போகும் பாக்கெட் கேமராவில் 11 மீட்டர் அகலம்; அங்கே ஒரு நாரை இருக்கிறது என்று தெரியும். 1200 மி.மீ.இல் அகலம் 1.8 மீட்டர், நாரை படத்தை நிறைக்கிறது, அலகின் மஞ்சளும் இறக்கையின் இளஞ்சிவப்பும் தெரிகின்றன. இருக்கும் படத்தைக் கணினியில் வெட்டிப் பெரிதாக்கி இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது. 539 மி.மீ. குவியத் தொலைவில் எஃப்/8 என்றால் ஒளி நுழையும் துளையின் விட்டம் சுமார் 67 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு கைபேசியின் உடலில் அதற்கு இடமே கிடையாது. இது மென்பொருளால் தாண்ட முடியாத வரம்பு.

"என் கைபேசியிலேயே 100 எக்ஸ் ஜூம் இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். கைபேசியின் உண்மையான லென்ஸ் ஜூம் ஐந்து எக்ஸ், அதிகம் போனால் பத்து எக்ஸ். அதற்கு மேல் எல்லாம் வெட்டிப் பெரிதாக்கி, மென்பொருளால் நிரப்பியது. 2023 மார்ச்சில் நடந்த ஒரு விவாதம் இதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படம் ஒன்றைக் கணினித் திரையில் வைத்து ஒருவர் சாம்சங் கைபேசியால் எடுக்க, மூலத்தில் இல்லாத நுணுக்கங்களோடு நிலவு பதிவானது. நிலவு எப்படி இருக்கும் என்று கற்றிருந்த மென்பொருள் அவற்றைச் சேர்த்திருந்தது. அழகுக்காகப் படம் எடுப்பவருக்கு இது பெரிய விஷயமில்லாமல் இருக்கலாம். ஆனால் 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு போன்றவற்றில் பங்கெடுப்பவருக்குப் படம் என்பது சான்று. ஒரு கதிர்க்குருவியின் புருவக்கோடு உண்மையிலேயே அப்படித்தான் இருந்ததா, மென்பொருள் வரைந்ததா என்ற சந்தேகம் வந்துவிட்டால் அந்தப் பதிவுக்கு மதிப்பில்லை. சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் லென்ஸ் பார்த்ததையே தரும் சூப்பர்ஜூம் படம் அங்கே ஆயிரம் மடங்கு மேல். அறிவியலில் ஆர்வமுள்ள ஒரு மாணவருக்கும் பெரிய தொலைநோக்கி இல்லாமலே நிலவின் பள்ளங்களும் வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களும் கிடைக்கின்றன. 3000 மி.மீ.இல் படச்சட்டத்தின் உயரம் அரை டிகிரி. முழுநிலவும் வானில் ஏறக்குறைய அவ்வளவே.

ஆனாலும் 3000 என்ற எண்ணைத் துரத்த வேண்டாம். பறவைக்கும் விமானத்துக்கும் நடைமுறையில் பயன்படுவது 600 முதல் 1400 மி.மீ. வரைதான், அதற்கு மேலே காற்றும் கையும் வெளிச்சமும் மாறி மாறித் தடுக்கும். 1365 மி.மீ. வரை போகும் கேனான் எஸ்எக்ஸ்70 எச்எஸ் சுமார் 610 கிராம்தான், பி1000இன் எடையில் பாதிக்கும் குறைவு. நிலவுதான் முக்கியம் என்பவர் தவிர மற்றவர்களுக்கு இந்த அளவே போதும் என்பது என் கருத்து. கழுத்தில் மாட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் நடக்க முடியாத கேமரா, இரண்டாவது மாதமே அலமாரிக்குள் போய்விடும்.

"சூப்பர்ஜூமிலும் 24 மி.மீ. இருக்கிறதே, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதாதா?" என்பது இன்னொரு கேள்வி. போதாது. அகலக் கோணத்தில் அதன் துளை எஃப்/2.8 அளவுக்குத் திறந்தாலும், அதே சின்ன சென்சார்தான். மண்டபத்துக்குள் கைபேசியிடமே தோற்றுவிடும். மேடையில் நடக்கும் அரங்கேற்றத்தைப் பின்வரிசையிலிருந்து எடுக்க விரும்பும் பெற்றோருக்கு எட்டும் தூரமும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். பாக்கெட் கேமரா இன்னும் தன் இடத்தைக் காத்துக்கொண்டிருப்பது இங்கேதான். 24 முதல் 200 மி.மீ. வரை போகும் சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடல் முழு ஜூமிலும் எஃப்/4.5இல் நிற்கும், பெரிய சென்சார், எடை 302 கிராம். இரவுத் திருவிழா, நாடகம், பாட்டுக் கச்சேரி என்று செயற்கை விளக்கொளியில், பத்து இருபது மீட்டர் தூரத்தில் நடப்பவற்றையே அதிகம் எடுப்பவர் அதை வாங்கலாம். கைபேசிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியும்.

இரண்டுக்கும் நடுவே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 30 அல்லது 40 எக்ஸ் ஜூமைச் சட்டைப்பை அளவுக்குள் அடக்கும் பயணக் கேமரா. சின்ன சென்சாரோடு, முழு ஜூமில் எஃப்/6.9 வரை மங்கிவிடும் லென்ஸ். நல்ல வெயிலில் ஊர் சுற்றுபவருக்கு மட்டும் இது போதும். மற்றது, 1 அங்குல சென்சாரோடு 24 முதல் 600 மி.மீ. வரை துளை எஃப்/4ஐவிடச் சுருங்கத் தேவையில்லாத சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் மாடல். 2017இல் வந்த கேமரா, 1,095 கிராம், விலையும் அதிகம். ஆனால் பறவை, மேடை இரண்டையும் ஓரளவு மரியாதையாகச் செய்யும் ஒற்றைக் கேமரா இதுதான். லென்ஸ் மாற்றும் கேமராவே வாங்கிவிடலாமே என்று கேட்டால், 600 மி.மீ. எட்டும் லென்ஸின் விலையையும் எடையையும் முதலில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

எதை வாங்குவது என்று இன்னும் தெளிவில்லாதவர், கைபேசியில் கடந்த ஓராண்டில் எடுத்த படங்களைத் திறந்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏமாந்தவற்றை மட்டும் தனியே ஒதுக்கட்டும். ஏமாற்றம் தூரத்தாலா, இருட்டாலா என்று அவையே சொல்லிவிடும். தூரம் என்றால், வாங்கும் சூப்பர்ஜூமில் கண்ணில் ஒற்றிப் பார்க்கும் வியூஃபைண்டர் கட்டாயம் இருக்கட்டும். வெயிலில் பின்திரை தெரியாது என்பதோடு, நெற்றியில் அழுத்திப் பிடிப்பதே பாதி நடுக்கத்தைக் குறைக்கும். பறவையைத் தவறவிட்டால் ஒரு பொத்தானில் ஜூமைப் பின்வாங்கிக் காட்டி, மீண்டும் பழைய இடத்துக்கே கொண்டுசெல்லும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. அது இல்லாத கேமராவில் இலைகளுக்கு நடுவே ஒரு குருவியைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. சென்சார் பதிவுசெய்ததை அப்படியே சேமிக்கும் ரா வடிவ வசதி நிக்கானின் பி900இல் கிடையாது, பி950இலும் பி1000இலும் உண்டு; பழைய கேமராவை வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கடைக்குள் விளக்கொளியில் சோதித்துப் பயனில்லை. கடைக்காரரின் அனுமதியோடு வாசலுக்கு வந்து, தெருக்கோடியில் இருக்கும் பெயர்ப்பலகையின் மிகச் சிறிய எழுத்தை, கையில் பிடித்தபடியே, 600, 1200, முழு ஜூம் என்று மூன்று அளவில் எடுத்துப் பாருங்கள். 1200இல் எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தாலே அதே எழுத்து படிக்கக் கிடைத்துவிட்டால், அதற்கு மேலான எண்ணுக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.