பழைய லாரிக்கு இன்ஜின் மாற்றுகிறீர்களா? இன்ஜெக்டரையும் ஒயரிங்கையும் பாருங்கள்

மாமல்லபுரம் பக்கம் சவுக்குக் கட்டை ஏற்றும் பழைய லாரிக்கு, சென்னை புதுப்பேட்டையில் இன்ஜின் தேடுபவர்கள் முதலில் இன்ஜெக்டரைக் கவனிக்க வேண்டும். பழைய பம்ப் வகை இன்ஜெக்டர் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும். அதற்கு ஒயரே கிடையாது. காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பார் வரை போகும்; டீசல் அளவை ஈசியூ முடிவு செய்யும். ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது.

காமன் ரெயில் இன்ஜின் என்றால் அதே வண்டியின் ஈசியூ, சென்சார், ஒயரிங், ஆக்சிலரேட்டர் பெடல் எல்லாம் சேர்த்தே வாங்குங்கள். முறுக்கி ஒட்டிய ஒயர், நம் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும். வண்டி நடுவழியில் நிற்கும், கோளாறு மெக்கானிக்குக்கும் எளிதில் பிடிபடாது. இன்ஜெக்டர் தலையில் குறியீடு இருந்தால் ஸ்கேனர் மூலம் ஈசியூவில் பதியச் சொல்லுங்கள். பதியாவிட்டால் புகையும் அதிர்வும் வரலாம்.

பம்ப் இன்ஜின் ஓடிய லாரிக்கு அதே வகையே சிக்கனம் என்பேன். மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதி பெற்று, புதிய இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள்.